லாக் பிக்கிங்: சிலிண்டர் கொஞ்சம் திரும்பி நின்னுடுது, அதுக்கு மேல போக மாட்டேங்குது

வைகைக்கரை

வணக்கம் மக்களே. லாக் பிக்கிங்கை, அதாவது சாவி இல்லாம கருவி வச்சு பூட்டு தொறக்குறதை, ஒரு ஹாபியா பழகிட்டு இருக்கேன். யூடியூப்ல லாக்பிக்கிங்லாயர் சேனல் பாத்துதான் ஆசை வந்துச்சு, மனுஷன் ஒண்ணாவது பின் க்ளிக், ரெண்டாவது பைண்ட் ஆகுது (இறுகுது)ன்னு பேசிக்கிட்டே ஒரு நிமிஷத்துல தொறந்துட்டு போயிடுறார், அதுல எனக்கு புடிச்சது தொறக்குறது கூட இல்ல, உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணால பாக்காமலே விரலை வச்சு சொல்றார் பாருங்க, அது.

ஆன்லைன்ல ஒரு செட் வாங்கினேன். பூட்டு உள்ள இருக்குற பின்னை தூக்குற ஹூக், ரேக், சிலிண்டரை திருப்பிப் புடிக்கிற டென்ஷன் ரெஞ்ச் எல்லாம் இருந்துச்சு, கூடவே உள்ள இருக்குற பின்னெல்லாம் தெரியிற மாதிரி பிளாஸ்டிக் பூட்டு ஒண்ணு. அது இப்போ சுலபமா வந்துடுது. ஹார்டுவேர் கடைல வாங்கின சின்ன பித்தளை பூட்டும் வந்துடுது. அடுத்து அஞ்சு பின் உள்ள ஒரு பூட்டு வாங்கினேன், அட்டைல ஆன்டி பிக்னு போட்டிருந்துச்சு, இதுலதான் மாட்டி நிக்கிறேன். ஒவ்வொரு பின்னா செட் ஆகுறது தெளிவா தெரியுது, திடீர்னு சிலிண்டர், அதான் சாவியோட சேர்ந்து சுத்துற உருளை, நல்லாவே திரும்புது, சரி தொறந்துடுச்சுன்னு நினைக்கிறப்போ அங்கயே நின்னுடுது. சாவி போட்டா ஒழுங்கா தொறக்குது, அதனால பூட்டுல கோளாறு இல்ல. ரெஞ்சை இன்னும் அழுத்தினா ஒரு அசைவும் இல்ல. பின்னை எல்லாம் திரும்ப தொட்டுப் பாத்தா எல்லாமே செட் ஆன மாதிரிதான் இருக்கு.

இன்னும் ரெண்டு கேள்வி. இதெல்லாம் வச்சிருந்தா போலீஸ் தொந்தரவு வராதான்னு வீட்ல கேக்குறாங்க, என்ன பதில் சொல்றது? அப்புறம் நம்ம ஆளுங்க யாராவது இதுக்குன்னு நடக்குற க்ளப், போட்டிக்கெல்லாம் போயிருக்கீங்களா? எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க ஆசை.

ஸ்பூல்பின்

தம்பி, நீங்க நிக்கிற எடத்துக்கு ஃபால்ஸ் செட்னு பேரு. நல்ல எடத்துலதான் நிக்கிறீங்க, பிக்கிங்ல சுவாரசியம் ஆரம்பிக்கிறதே இங்கதான்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒவ்வொரு ஓட்டைலயும் கீழ கீ பின், அதுக்கு மேல டிரைவர் பின், அதுக்கும் மேல ஸ்பிரிங். ரெண்டு பின்னும் சேர்ற எடம் சிலிண்டர் விளிம்புக்கு நேரா வரணும், அதைத்தான் ஷியர் லைன்னு சொல்றோம், அஞ்சு பின்னும் அப்படி வந்தா சிலிண்டர் சுத்தும். சாவி இதை ஒரே நேரத்துல பண்ணிடுது, நாம ஒண்ணு ஒண்ணா பண்றோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒண்ணு ஒண்ணா பண்ண முடியிறதுக்கு காரணம் என்னன்னா, எந்த ஃபேக்டரில ட்ரில் போட்டாலும் அஞ்சு ஓட்டையும் துல்லியமா ஒரே கோட்டுல வராது, மயிரிழை விலகல் இருக்கும், அதனால நீங்க ரெஞ்சால திருப்புற விசைய அஞ்சு பின்னும் சமமா தாங்காது, ஏதோ ஒண்ணுதான் முதல்ல இறுகும். அதைத் தேடி தூக்கி செட் பண்ணா சிலிண்டர் துளி அசையும், இப்போ வேற ஒரு பின் இறுகும். இந்த வரிசைதான் பைண்டிங் ஆர்டர், ஒரே கம்பெனி ஒரே மாடல் பூட்டு ரெண்டு வாங்கினா கூட ஆளுக்கு ஒரு வரிசை இருக்கும்.

இப்போ உங்க ஆன்டி பிக் பூட்டு. அதுல சில டிரைவர் பின் நேர் உருளையா இருக்காது, நூல்கண்டு மாதிரி நடுவுல ஒடுங்கி ரெண்டு முனையும் பெருசா இருக்கும், அதான் ஸ்பூல். நீங்க தூக்குறப்போ அந்த ஒடுங்கின இடுப்பு ஷியர் லைனுக்கு வந்ததும் சிலிண்டருக்கு கொஞ்சம் இடம் கிடைச்சு திரும்பிடுது, ஆனா ஸ்பூலோட கீழ் விளிம்பு இன்னும் சிலிண்டருக்குள்ளயே மாட்டி நிக்குது. அதான் நீங்க பாக்குற அந்த பாதி திரும்பல். இந்த நிலைல ரெஞ்சை அழுத்துனா விளிம்பு இன்னும் இறுகத்தான் செய்யும், நாள் பூரா அழுத்தினாலும் வராது.

பண்ண வேண்டியது இதுக்கு நேர் எதிரா. ஃபால்ஸ் செட்ல நிக்கிறப்போ ஒவ்வொரு பின்னையும் மெதுவா மேல தள்ளிப் பாருங்க. ஏதோ ஒரு பின்னை தள்ளுறப்போ மட்டும் சிலிண்டர் பின்பக்கமா திரும்ப பாக்கும், ரெஞ்ச் உங்க விரலை எதிர்த்து தள்ளுறது தெரியும். அதுதான் ஸ்பூல் நிக்கிற எடம். இப்போ ரெஞ்ச்ல இருக்குற விரலை முழுசா எடுத்துடாம லேசா தளர்த்தி, சிலிண்டர் பின்னால போக விடுங்க, போகப் போக பின்னை தூக்கிக்கிட்டே வாங்க, ஒரு இடத்துல ஸ்பூல் டக்குனு ஏறிடும், சிலிண்டர் திரும்ப முன்னால வரும். இது நடக்குறப்போ ஏற்கனவே செட் பண்ண ஒண்ணு ரெண்டு பின் கீழ விழுந்தா விழட்டும், திரும்ப ஏத்திக்கலாம். விழுதேன்னு பயந்து விரலை இறுக்குறதுனாலதான் ஸ்பூல் பூட்டு பல பேருக்கு வராம போகுது.

ரெஞ்ச்ல எவ்வளவு விசைன்னு கேட்டா ஒரு அடையாளம் சொல்றேன். ரெஞ்ச் மேல இருக்குற விரல் நகத்தைப் பாருங்க, நகம் வெளுத்துச்சுன்னா அதிகம். நகம் நிறம் மாறாம, ரெஞ்ச் நழுவாம நின்னா போதும். முடிஞ்சா கீழ் ஓரத்துல போடுற வளைஞ்ச ரெஞ்சை விட்டுட்டு, பின் இருக்குற பக்கத்து ஓரத்துல உக்கார்ற தட்டை ரெஞ்ச் வாங்குங்க, பிக் போக இடமும் கிடைக்கும், உள்ள நடக்குறது விரலுக்கு நல்லா வரும்.

அந்த பிளாஸ்டிக் பூட்டை எடுத்து வச்சிடுங்க. பின் எப்படி நகருதுன்னு பாக்க மட்டும்தான் அது. கண்ணு பாத்துக்கிட்டு இருந்தா விரல் கத்துக்காது.

நடுத்தெரு

தப்பா எடுத்துக்காதீங்க, மனசுல பட்டதை கேக்குறேன். பூட்டை சாவி இல்லாம தொறக்குறது எப்படின்னு யார் வேணா படிக்கிற மாதிரி பொதுவுல எழுதுறது சரியா? எங்க ஏரியால வீட்டை பூட்டிட்டு ஊருக்கு போகவே பயப்படுறாங்க. இங்க எழுதுற நீங்க எல்லாம் நல்லவங்களா இருக்கலாம், படிக்கிறவன் எப்படின்னு யாருக்குத் தெரியும்?

பழைய_சாவி

நடுத்தெரு சார், நியாயமான கேள்வி. இதே கேள்விய 1851ல லண்டனே கேட்டுச்சு, அந்தக் கதைய சொன்னா பதிலும் அதுலயே இருக்கு.

அந்த வருஷம் லண்டன்ல பெரிய உலகக் கண்காட்சி. அப்போ இங்கிலாந்துல ரெண்டு பூட்டை யாராலயும் தொறக்க முடியாதுன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு ஜெரமையா சப் 1818ல கொண்டுவந்த டிடெக்டர் பூட்டு, உள்ள இருக்குற தகடுங்களை சாவி தூக்கித் தொறக்குற லீவர் பூட்டுதான், ஆனா எந்த லீவரையாவது (தகடை) அளவுக்கு மேல தூக்கிட்டா உள்ள ஒரு கொக்கி மாட்டிக்கும், அடுத்து சொந்தக்காரர் சாவி போடுறப்போ யாரோ கை வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிடும். 1817ல போர்ட்ஸ்மவுத் கப்பல் துறைல நடந்த ஒரு திருட்டுக்கு அப்புறம்தான் அப்படி ஒரு பூட்டுக்கு தேவை வந்துச்சு. இன்னொண்ணு ஜோசப் பிராமாவோட பூட்டு, 1784ல காப்புரிமை வாங்கினது. பிக்கடில்லி தெருவுல இருந்த கடை ஜன்னல்லயே ஒரு பூட்டை மாட்டி, இதைத் தொறக்குற கருவிய செய்றவங்களுக்கு 200 கினி (அப்போதைய இங்கிலாந்து காசு) பரிசுன்னு எழுதி வச்சிருந்தாங்க, 1790ல இருந்து அது அங்க தொங்குது, யாரும் அசைக்கல.

அமெரிக்கால இருந்து வந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற பூட்டுக்காரர் சப் பூட்டை சாட்சிகள் முன்னாடி 25 நிமிஷத்துல தொறந்தார். டிடெக்டர் மாட்டினா அதை சரி பண்ணிட்டு திரும்ப தொடர்ந்தார். அப்புறம் பிராமா பூட்டு, அது சும்மா வரல, 16 நாள்ல பிரிச்சு பிரிச்சு மொத்தம் 51 மணி நேரம் உக்காந்தார். தொறந்தார், 200 கினியும் வாங்கினார். பத்திரிகைல எல்லாம் பெரிய சண்டை, இதையெல்லாம் வெளிய சொல்லலாமா, திருடனுக்கு பாடம் எடுக்குறாரேன்னு. ஹாப்ஸ் தரப்பு வாதம் என்னன்னா, தொழில்முறை திருடனுக்கு இது ஏற்கனவே தெரியும், தெரியாம இருக்குறது பூட்டை காசு குடுத்து வாங்குறவனுக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் பூட்டுக்காரங்க எல்லாம் தங்களோட பூட்டை திருத்தவேண்டி வந்துச்சு. நான் அந்தப் பக்கம்தான் நிக்கிறேன்.

ரொம்ப பழைய கதையா தெரிஞ்சா 2004ல நடந்ததை சொல்றேன். கிரிப்டோனைட் கம்பெனியோட சைக்கிள் பூட்டு, விலை அதிகமான பூட்டு, அதுல வட்டமான சாவி ஓட்டை. அதுல சாதாரண பால்பாயிண்ட் பேனாவோட பிளாஸ்டிக் குழாயை சொருகி திருப்பினா தொறக்குதுன்னு ஒரு சைக்கிள்காரர் இன்டர்நெட்ல போட்டார். வீடியோ பரவிச்சு. கம்பெனி அந்த மாடல் பூட்டையெல்லாம் திரும்ப வாங்கிட்டு வேற பூட்டு குடுத்துச்சு. யாரும் வெளிய சொல்லாம இருந்திருந்தா அந்த ஓட்டை இன்னும் எத்தனை வருஷம் விக்கப்பட்டிருக்கும்?

இன்னொரு விஷயம், வீடு உடைக்கிறவன் ஸ்பூல் பின்னுக்கு விரலை தளர்த்திக்கிட்டு உக்காந்திருக்க மாட்டான் சார். கடப்பாரை எடுத்து நாதாங்கியை நெம்பிடுவான், இல்ல கட்டர் போட்டு கொக்கிய வெட்டுவான். நீங்க பாதுகாப்புக்கு செலவு பண்றதா இருந்தா பூட்டோட சேர்த்து நாதாங்கி, அது மாட்டியிருக்குற ஸ்க்ரூ, கதவு நிலை மூணையும் பாருங்க.

வைகைக்கரைக்கு சட்டம் பத்தி. நம்ம நாட்டு சட்டத்துல பாரதிய நியாய சன்ஹிதா 330, 331 வீடு புகுறது பத்தி, 334 மூடி வச்ச பெட்டிய கெட்ட எண்ணத்தோட உடைச்சு தொறக்குறது பத்தி. எண்ணம் என்னன்றதுதான் அங்க முக்கியம். உங்க பூட்டை உங்க வீட்டு மேஜைல வச்சு தொறக்குறது வேற, ராத்திரி நேரம் பிக் செட்டை பைல போட்டுக்கிட்டு அடுத்த தெருவுல நடக்குறது வேற, ரெண்டாவதை எந்தக் காரணத்துக்காகவும் பண்ணாதீங்க. வெளிநாடு போறப்போ இன்னும் கவனம், ஜப்பான்ல 2003ல இருந்தே நியாயமான காரணம் இல்லாம இந்தக் கருவிங்களை வச்சிருக்குறதே குற்றம்.

ஐந்தோவன்வாசி

க்ளப் பத்தி கேட்டீங்களே ப்ரோ, நான் சொல்றேன், நான் நெதர்லாந்துல இருக்கேன், இந்த விளையாட்டு ஒரு அமைப்பா வளர்ந்ததுல இந்த நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் பெரிய பங்கு. 1997ல ஹாம்பர்க்ல ஸ்டெஃபன் வெர்னேரி ஆரம்பிச்ச எஸ்எஸ்டிஇவிதான் இதுல முதல் பெரிய சங்கம். இங்க டூல் அமைப்பு, பேரி வெல்ஸ் ஆரம்பிச்சது, அமெரிக்கால இதே பேர்ல தனியா வளர்ந்திருக்கு, லாஸ் வேகாஸ்ல நடக்குற டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டுல லாக்பிக் வில்லேஜ்னு ஒரு பகுதியே உண்டு, யார் வேணா உக்காந்து கத்துக்கலாம். இங்க வருஷா வருஷம் லாக்கான்னு ஒரு பிக்கிங் மாநாடு நடக்கும், பல நாட்டுல இருந்து வருவாங்க.

எங்க கூட்டம் எப்படின்னா, ஒரு ஹால், நீளமான மேஜை, நடுவுல பூட்டு குவிஞ்சு கிடக்கும். பெரும்பாலும் யாரும் பேச மாட்டாங்க, பத்து பேர் கண்ணை எங்கயோ வச்சுக்கிட்டு கைய மட்டும் அசைச்சுக்கிட்டு இருப்பாங்க, திடீர்னு ஒரு க்ளக் சத்தம் வந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. பேங்க்ல வேலை பாக்குறவங்க, காலேஜ் பசங்க, ரிட்டையர் ஆன தாத்தா, பூட்டு ரிப்பேர் தொழில் பண்றவங்க, எல்லாரும் வருவாங்க. புதுசா வந்தவங்களுக்கு பொறுமையா உக்காந்து சொல்லிக் குடுப்பாங்க. எல்லா க்ளப்லயும் ரெண்டே விதிதான் முதல் நாளே சொல்லுவாங்க. உன்னோடது இல்லாத பூட்டை, இல்ல சொந்தக்காரர் அனுமதி தராத பூட்டை தொடக்கூடாது. உபயோகத்துல இருக்குற பூட்டை, அது உன்னோடதா இருந்தாலும், தொடக்கூடாது. இந்த ரெண்டாவது ஏன்னு பல பேர் கேப்பாங்க. பிக் பண்ணி சிலிண்டரை பாதி வட்டம் சுத்திட்டீங்கன்னா டிரைவர் பின் எல்லாம் சாவி ஓட்டை அடிப்பக்கமா இறங்கி மாட்டிக்கலாம், அப்புறம் சாவியும் போகாது, வாசல் கதவுல அப்படி ஆச்சுன்னா வீட்டுக்கு வெளியதான் நிக்கணும்.

போட்டில எனக்கு ரொம்ப புடிச்சது பிக்கிங் இல்ல, இம்ப்ரஷனிங். ஒரு பூட்டு, வெட்டாத வெறும் சாவி, ஒரு அரம், மணி அடிச்சதும் ஆரம்பிக்கணும், அந்த பூட்டுக்கு சாவி செஞ்சு முடிக்கணும். வெறும் சாவிய சொருகி இறுக்கமா திருப்பி மேலயும் கீழயும் ஆட்டுவாங்க, எந்த பின் இறுகி நிக்குதோ அது சாவி மேல ஒரு சின்ன புள்ளி மாதிரி தடம் போடும். சாவிய வெளிய எடுத்து லைட்டுக்கு சாய்ச்சுப் பாத்தாதான் அந்தப் புள்ளி மினுக்குறது தெரியும், நேரா பாத்தா தெரியாது. அந்த இடத்துல மட்டும் ரெண்டு இழுப்பு ராவிட்டு திரும்ப சொருகணும், ஆட்டணும், பாக்கணும். சரியான ஆழத்துக்கு வந்துட்டா அந்த பின் தடம் போடுறதை நிறுத்திடும், வேற பின் போட ஆரம்பிக்கும். ஒரு இழுப்பு கூட ராவினா சாவி போச்சு, புதுசா ஆரம்பிக்கணும். தேர்ந்தவங்க சில நிமிஷத்துலயே முடிக்கிறாங்க, பக்கத்துல நின்னு பாத்தா வாய் மூட மாட்டேங்குது.

பக்கத்துல க்ளப் இல்லாட்டி ரெட்டிட்ல லாக்பிக்கிங் குழுல பெல்ட் முறை இருக்கு, கராத்தே பெல்ட் கணக்கா வெள்ளைல ஆரம்பிச்சு கருப்பு வரைக்கும். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் எந்தெந்த பூட்டுன்னு பட்டியல் இருக்கு, தொறந்ததை போட்டோவோ வீடியோவோ எடுத்து காட்டணும். நீங்க ஸ்பூலை தாண்டிட்டா அமெரிக்கன் லாக் 1100 கிடைச்சா தேடுங்க, அதுல ஸ்பூல் மட்டும் இல்ல, பக்கவாட்டுல பல்லு பல்லா வெட்டின செரேட்டட் பின்னும் இருக்கும், ஒவ்வொரு பல்லும் செட் ஆன மாதிரி பொய்யா ஒரு க்ளிக் குடுக்கும்.

மலைக்கோட்டை_திண்டுக்கல்

எல்லாரும் பின் பூட்டு பத்தியே பேசுறீங்க, எங்க ஊர் பூட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்ல. எங்க அப்பா பூட்டுப் பட்டறைல வேலை பாத்தவங்க, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அரம் சத்தத்துலயே வீட்டுப்பாடம் எழுதினவ.

திண்டுக்கல் பூட்டு லீவர் பூட்டு. 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது. உள்ள பின்னும் ஸ்பிரிங் குழாயும் கிடையாது, தட்டை தகடுங்க ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும், ஒவ்வொரு தகடுலயும் ஒரு வாசல் வெட்டியிருக்கும். சாவியோட பல்லு ஒவ்வொரு தகடையும் அதோட உயரத்துக்கு தூக்கி, எல்லா வாசலும் ஒரே நேரா வந்தாத்தான் நாக்குல இருக்குற கட்டை உள்ள நுழையும், பூட்டு தொறக்கும். கொஞ்சம் கம்மியா தூக்கினாலும் வராது, கொஞ்சம் கூட தூக்கினாலும் வராது. இதுல அரத்தால கைல ராவினது அதிகம், சாவிக்கு ஏத்த மாதிரி தகடை ராவி ராவி பொருத்துவாங்க, அதனால ஒரு பூட்டு மாதிரி இன்னொண்ணு இருக்காது. சாவி திருப்பினா மணி அடிக்கிற மணிப்பூட்டு உண்டு, மாங்கா பூட்டு உண்டு.

உங்க ஹூக்கும் ரெஞ்சும் இதுல வேலைக்கு ஆகாது வைகைக்கரை. நாக்கை ஒரு கம்பி தள்ளிப் புடிச்சிருக்கணும், இன்னொரு கம்பி தகடை ஒண்ணொண்ணா தூக்கணும், ரெண்டும் ஒரே ஓட்டைக்குள்ள. ஹாப்ஸ் 1851ல பண்ணதும் இந்த மாதிரி வேலைதான். 1897ல பம்பாய்ல பூட்டு கம்பெனியா ஆரம்பிச்ச கோத்ரேஜோட நவ்தால் பூட்டும் லீவர்தான், நம்ம நாட்டுல நெறைய வீட்டுக் கதவுல தொங்குறது லீவர்தான், ஆனா யூடியூப்ல பாதிக்கு மேல பின் பூட்டுதான். இதுல பழகுற நம்ம ஆளுங்க வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. எங்க ஊர்ல பட்டறை குறைஞ்சுக்கிட்டே போகுது, மெஷின்ல செஞ்ச பூட்டு விலைக்கு கைவேலை ஈடு குடுக்க முடியல. ஒரு நல்ல கைவேலை பூட்டை வாங்கி, பிரிச்சு, தகடு தகடா மேஜைல வச்சுப் பாருங்க, அரம் போன தடம் கூட தெரியும். சட்டுனு தொறக்க முடியாட்டியும் அதை செஞ்சவர் கைய பாத்த மாதிரி இருக்கும்.

நடுத்தெரு

பழைய சாவி சார், விளக்கமா சொன்னதுக்கு நன்றி. நாதாங்கி விஷயம் யோசிக்கவே இல்ல, எங்க வாசல்ல இருக்குறது நாலு சின்ன ஸ்க்ரூல நிக்குது. முதல் வேலையா அதை மாத்துறேன்.

வைகைக்கரை

ஸ்பூல்பின் அண்ணா, வந்துடுச்சு! மூணாவது பின்தான் ஸ்பூல். தள்ளுறப்போ ரெஞ்ச் விரலை திருப்பி தள்ளுது, நீங்க சொன்ன மாதிரி தளர்த்தினேன், ஒண்ணாவது பின் விழுந்துச்சு, விழட்டும்னு விட்டுட்டு மூணை ஏத்தினேன், திரும்ப ஒண்ணை ஏத்தினதும் தொறந்துடுச்சு. இவ்வளவு லேசா புடிச்சா போதும்னு தெரியவே இல்ல. திண்டுக்கல் அக்கா, அடுத்த தடவை அந்தப் பக்கம் வர்றப்போ ஒரு மாங்கா பூட்டு கண்டிப்பா வாங்குறேன். ஐந்தோவன் ப்ரோ சொன்ன 1100 இங்க விலை எக்கச்சக்கமா இருக்கு, அது வர்ற வரைக்கும் எதுல பழகுறது?

ஸ்பூல்பின்

விலை அதிகமான பூட்டு எதுவும் வேணாம் தம்பி, பிரிக்க முடியிற கதவு சிலிண்டர் ஒண்ணு ஹார்டுவேர் கடைல வாங்குங்க, அதை வச்சு பல மாசம் ஓட்டலாம். சாவி போட்டு கொஞ்சம் திருப்பி, பின்னால இருக்குற க்ளிப்பை எடுத்துட்டு, சிலிண்டர் உள்உருளை தடிமன்லயே ஒரு மரக்குச்சிய பின்பக்கமா வச்சு தள்ளிக்கிட்டே உருளைய வெளிய எடுங்க. உருளைக்கும் குச்சிக்கும் நடுவுல இடைவெளி விட்டுடாதீங்க, விட்டா டிரைவர் பின்னும் ஸ்பிரிங்கும் குதிச்சு ஓடிடும், ஒரு வெள்ளைத் துணி விரிச்சு அது மேல பண்ணுங்க, பின் உருண்டாலும் கண்ணுல படும்.

முதல்ல ஒரே ஒரு ஓட்டைல மட்டும் பின் போட்டு மூடுங்க, அந்த ஒரு பின் இறுகுறது, செட் ஆகுறது, அளவுக்கு மேல ஏறிடுறது மூணும் விரலுக்கு எப்படி வித்தியாசமா இருக்குன்னு பாருங்க. அப்புறம் ரெண்டு, மூணுன்னு ஏத்துங்க. ஸ்பூல் பின் தனியா பாக்கெட்ல கிடைக்கும், ஒண்ணு ஒண்ணா சேர்த்துக்கிட்டே வாங்க. உருளைய திரும்ப உள்ள போடுறப்போ கீ பின் எல்லாம் அதே ஓட்டைல இருக்குதான்னு ஒரு தடவை சரி பாத்துட்டு மூடுங்க, இல்லேன்னா சாவி திரும்பாது. எந்தப் பின் எங்க இருந்துச்சுன்னு பிரிச்ச உடனே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.